ஒரு நாழிகை முந்திய கடிகாரம்

நல்லசாமிக்குக் கைக்கடிகாரப் பைத்தியம் பிடித்தது நாற்பதைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்தில், பால் ஸ்டோரில் வேலை. மரம் சீவி முடித்தவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலை நிறுத்துத் தொட்டியில் ஊற்றுவான். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான், நாலு நம்பர் லாட்டரி எழுத மாட்டான். கல்யாணமும் அமையவில்லை. அப்பனும் ஆத்தாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கச்சி அம்சவள்ளிக்கு ஒன்பது வயது. அவளை வளர்த்து, சேது என்ற நல்ல பையன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், இவன் தலையில் பாதி நரைத்திருந்தது. "இனிமே எனக்கு எதுக்கு?" என்று விட்டுவிட்டான்.

எண்பதுகள் பிறந்ததும் தோட்டத்தில் எல்லாருக்கும் பேட்டரி வாட்ச் மோகம் வந்துவிட்டது. சாவி கொடுக்கிற பழைய வாட்சுகளைச் சீண்ட ஆளில்லை. பிள்ளைகள் அவற்றைக் கயிற்றில் கட்டி இழுத்து விளையாடின. நல்லசாமிக்கு மனசு கேட்கவில்லை. "தூக்கிப் போடாதீங்க, எங்கிட்ட குடுத்துருங்க" என்று தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகக் கேட்டு வாங்கினான். கண்ணாடி உடைந்தது, முள் இல்லாதது, முதுகு துருப்பிடித்தது என்று ஒரு பிஸ்கட் டின் நிறைந்துவிட்டது. சாயங்காலமானால் டின்னைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்ப்பான். "மச்சானுக்கு ஒரு பொண்ணு பாத்துருந்தா இந்தக் கூத்தெல்லாம் இருக்காது" என்று சேது கிண்டலடிப்பான்.

வெறுமனே சேர்த்து வைத்திருந்தால் ஒரு பாவமும் இல்லை. ஓட வைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது. கிள்ளானில் பழைய சாமான் விற்பவனிடம் ஒரு பூதக்கண்ணாடியும் நாலு குட்டித் திருப்புளிகளும் இடுக்கியும் வாங்கிவந்தான். கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டுவதுதானே பாடு! முதல் நாலு வாட்சுகளும் அவன் கையில் செத்தன. அந்தத் திருகாணிகள் அரிசிக் குருணையை விடச் சின்னவை. இடுக்கியில் பிடித்தால் தெறித்து ஓடும். ஓடினதைத் தேடிச் சிமெண்டுத் தரையில் தவழுவான்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. உடைந்த ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்தெடுத்து, திருப்புளி முனையை அதில் நாலு தேய் தேய்த்தான். அவ்வளவுதான், திருகாணி தானாக வந்து முனையில் ஒட்டிக்கொண்டது. சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. "அட, இத்தன நாளா இது தோணாமப் போச்சே!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தானே கண்டுபிடித்த வித்தை இது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தத் திருப்புளியால் அவன் முதன்முதலில் உயிர்கொடுத்த வாட்ச், தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளை முகம் வைத்த வாட்ச். டிக் டிக் என்று அது ஓட ஆரம்பித்ததும் இவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேடியோ மணியடித்தபோது அதில் நேரம் வைத்து, கையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். எண்பத்து மூன்றாம் ஆண்டு, கார்த்திகை விளக்குக்கு மறுநாள். அந்த நாளை அவன் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

அம்சவள்ளிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்கே வலி எடுத்துவிட்டது. மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. செம்மண் பாதையில் தோட்டத்து லோரி அச்சு வரைக்கும் புதைந்து கிடக்கிறது. சேது வேறு வண்டி பார்க்க ஓடினான். நல்லசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லயத்திலேயே பிரசவம் பார்த்துப் பழகிய அன்னம்மா, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

"யோவ் நல்லசாமி, தாய்மாமன் வாசல்ல நில்லு. புள்ள சத்தம் கேட்டதும் மணியப் பாத்து வையி. சாதகம் எழுதணும்ல?" என்று உள்ளிருந்து கத்தினாள்.

நின்றான். முந்தின நாள் ஏற்றிய அகல்கள் மழைத்தண்ணீர் நிரம்பி வாசலோரம் கிடந்தன. உள்ளே தங்கச்சி கத்தக் கத்த, இவன் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளை அழுதது. நாலு பதினேழு. காலண்டர் தாளைக் கிழித்து அதில் எழுதினான். ஆம்பளைப் பிள்ளை. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸ்ஸரைக் கூட்டிவர மழையிலேயே ஓடினான். அந்த ஓட்டத்தில் வாட்சுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. போனால் போகிறது, தன் வேலையை முடித்துவிட்டுத்தானே நின்றது என்று அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டான்.

பதினாறாம் நாள், நல்லசாமியும் சேதுவும் புக்கிட் ரோத்தானிலிருந்த ஜோதிடரிடம் போனார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், விரல் விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"நேரம் சரிதானா? கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நட்சத்திரமே மாறிப்போகும். நாலு ஆறுக்குத்தான் கார்த்திகை முடியுது."

"என் கையால ரிப்பேர் பண்ண வாட்சு சாமி. காலையில ரேடியோவுல வச்சது. நிமிஷம் பெசகாது" என்றான் நல்லசாமி. சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப ரோகிணி பொறந்து பதினோரு நிமிஷம்" என்று அவர் பஞ்சாங்கத்தை மூடினார். "ஆம்பளப் புள்ள. தாய்மாமனுக்கு ஆகாது. உயிருக்கே கண்டம்."

வரும் வழியில் சேது, "இந்தக் காலத்துல இதெல்லாம் யாரு மச்சான் பாக்குறா?" என்றான். நல்லசாமியும் சிரித்தான். அம்சவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

நாற்பது நாள்கூடத் தாண்டவில்லை. தஞ்சோங் காராங்கில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் பழைய வாட்ச் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நல்லசாமி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய் ஓரம், சேற்றில் வண்டி சறுக்கி, ஆளும் வண்டியும் தண்ணீருக்குள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்து இழுத்துப் போட்டார்கள். மூன்று நாள் நினைவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மூன்று நாளில், பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிடுவது என்று அம்சவள்ளி முடிவெடுத்துவிட்டாள். சேது கெஞ்சினான், கோபித்தான், சாப்பிடாமல் கிடந்தான். அவள் அசையவில்லை. சுங்கை சோவில் சேதுவுக்குத் தூரத்துச் சொந்தம், சிவானந்தம் திலகம் என்று புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேரும் ரவாங்கில் ஃபேக்டரி வேலை. பிள்ளை இல்லை. பிறப்பைப் பதிந்து பிறந்த சூராவே இன்னும் எடுக்காததால் அவர்கள் பெயரிலேயே பதிந்துவிடலாம் என்று ஆயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: பெற்றவர்கள் வரக்கூடாது, போகக்கூடாது.

கொடுப்பதற்கு முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணனிடம் காட்டினாள். அவன் மாவுக்கட்டோடு படுத்திருந்தான்.

"வேணாம்மா" என்றான்.

"நீ இருக்கணும்ணே. புள்ள இன்னொண்ணு பொறக்கும். அண்ணன் பொறக்குமா?"

இந்த இடத்தில் அவன் இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் தடவையும் சொல்லியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாவது தடுத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறென்ன, பயம்தான். அந்தக் கால்வாய்த் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது இன்னும் நினைவிலிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அரிசிப் பானையில் கிடந்த அந்த வெள்ளை முக வாட்சை எடுத்து டின்னின் அடியில் போட்டு, மேலே மற்றதையெல்லாம் கொட்டினான்.

அதற்குப் பிறகு அம்சவள்ளிக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. சேது பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் உண்டாயிற்று. விடிவதற்கு முன்னே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது, தலையில் விளக்கும் கையில் சீவுளியுமாக அம்சவள்ளி நல்லசாமியின் சன்னலோரம் நிற்பாள்.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் மரம் சீவப் போவாள். காய்ச்சலில் கிடந்தாலும் அவன் "இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்வான். மூன்றரை வருஷம் ஒரு நாள் தவறவில்லை.

இதற்கு நடுவில் வாட்ச் கிறுக்கு மட்டும் விடவில்லை. கையும் கொஞ்சம் பழகிவிட்டது. ஆனால் ஒரு கோளாறு: அவன் ஓட வைத்த வாட்சு எல்லாம் முந்தி முந்தி ஓடின. அதனாலேயே அவற்றைக் கையில் கட்டாமல் ஆணியில் தொங்கவிட்டு அழகு பார்ப்பான். எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை, மூன்று வாட்சுகளையும் தன் திருப்புளிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் டவுனுக்குப் போனான். அங்கே கடிகாரக் கடை முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீனர்; அவருக்குத் தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் வரும்.

அவர் வாட்சைத் திறக்கக்கூட இல்லை. மேசை டிராயரிலிருந்து சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தார். முள் வெடுக்கென்று திரும்பியது. இரண்டாவது வாட்சுக்கும் திரும்பியது. மூன்றாவதுக்கும் திரும்பியது.

"யாரு தொறந்தது?"

"நான்தான் தவுக்கே."

"உன் திருப்புளி குடு." வாங்கித் தன் மேசையில் கிடந்த திருகாணிக்கு மேல் நீட்டினார். திருகாணி எகிறி வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "பெசி பெரானி லா இது! காந்தம் தேச்சியா? ஐயோ, உள்ள முடி மாதிரி சுருள் கம்பி இருக்கு இல்ல, அதுல காந்தம் ஏறுனா சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கம்பி சின்னதாப் போயிடும். வாட்சு குதிர மாதிரி ஓடும் லா."

"எவ்ளோ ஓடும் தவுக்கே?"

"அஞ்சு நிமிஷம் ஓடும், ஒரு மணி நேரமும் ஓடும். நீ எவ்ளோ தேச்சியோ!" மறுபடியும் சிரித்தார்.

நல்லசாமி மூஞ்சியில் ஈயாடவில்லை. காந்தம் எடுத்துத் தருகிறேன் என்று அவர் சொன்னது காதில் விழவில்லை. வாட்சுகளை அங்கேயே விட்டுவிட்டு, திருப்புளிப் பெட்டியோடு வெளியே வந்து, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. டின்னின் அடியிலிருந்து அந்த வெள்ளை முக வாட்சை எடுத்தான். நல்லவேளையோ கெட்டவேளையோ, அரிசி ஈரத்தை இழுத்திருந்தது. சாவி கொடுத்து இரண்டு தட்டுத் தட்டியதும் ஓடியது. காலை ஆறு மணிக்கு ரேடியோ மணியடித்தபோது, அதிலும் மேசைக் கடிகாரத்திலும் ஒன்றாக நேரம் வைத்தான். சமைக்கவில்லை, குளிக்கவில்லை. இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கே பத்து நிமிடம் முந்தியிருந்தது. கடவுளே, இத்தோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். வாட்ச் நாலு பதினேழு காட்டியபோது மேசைக் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்து மூன்று.

இருபத்து நாலு நிமிடம். ஜோதிடர் கணக்கில் முழுசாக ஒரு நாழிகை. பிள்ளை பிறந்தபோது கார்த்திகை முடிய இன்னும் பதின்மூன்று நிமிடம் இருந்திருக்கிறது. அது ரோகிணிப் பிள்ளையே இல்லை. ஜோதிடம் மெய்யோ பொய்யோ, அது வேறு வழக்கு. ஆனால் அந்த ஜோதிடத்தின்படியே பார்த்தாலும் அந்தப் பிள்ளை தாயிடம் இருந்திருக்க வேண்டிய பிள்ளை. நல்லசாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் பஸ் மாறி மாறிச் சுங்கை சோவுக்குப் போனான். கேட்டுவிட வேண்டும், காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பழகிக்கொண்டே போனான். திலகம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. உள்ளிருந்து பையன் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். பாலன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்சவள்ளியின் கண், அம்சவள்ளியின் நெற்றி. அச்சு அசல் அவளே.

"யாரும்மா இது?" என்றான்.

"வழி கேக்க வந்துருக்காங்கடா" என்றாள் திலகம். சொல்லிவிட்டு நல்லசாமியைப் பார்த்தாள். கண் கெஞ்சியது.

நல்லசாமி பையன் பக்கம் குனிந்தான். "ஆமாய்யா. பஸ்ஸு எங்க நிக்கும்?" என்றான்.

பையன் தெருமுனையைக் கை நீட்டிக் காட்டினான். "அங்க. கடைக்கிட்ட."

நல்லசாமி அந்தக் கை காட்டிய பக்கமே நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

இத்தோடு அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிள்ளை திரும்பி வராது என்று தெரிந்துவிட்டது. தங்கச்சியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கலாம். ஆனால் விடிந்தால் சன்னலோரம் அந்தக் குரல். "அண்ணே, இருக்கியா?" அதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் அவனுக்குத் திருடன்போல உடம்பு கூசியது. எட்டு நாள் தாங்கினான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்விட்டான். தன் பாரத்தை இறக்க இடம் தேடியவன், அதை அவள் தலையில் போய் இறக்கினான். இதைப் பாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்சவள்ளி அடுப்படியில் உட்கார்ந்து சீவுளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். சேது இன்னும் வரவில்லை. காந்தத்தில் ஆரம்பித்து, கடைக்காரர் சொன்னது, இரண்டு கடிகாரத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தது, சுங்கை சோவுக்குப் போய் வழி கேட்டுத் திரும்பியது வரைக்கும் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். சீவுளிச் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப ரோகிணி இல்லியாண்ணே?"

"இல்லம்மா. கார்த்திகை."

"நீ கால்வாயில விழுந்தது?"

"சேறும்மா. ரோட்டுல சேறு. வேற ஒண்ணுமில்ல."

அவள் சீவுளியைக் கீழே வைத்தாள். அழுவாள், அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"புள்ளயக் குடுத்து வாங்குன உசுருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்ணே" என்றாள். "உன் கொரலக் கேக்கும்போதெல்லாம், சரி, குடுத்தது வீண் போகலன்னு மனசத் தேத்திக்குவேன். அதுலதான் பொழப்பு ஓடுச்சு. இப்ப பாத்தா சும்மா குடுத்துருக்கேன்."

"என்னைய மன்னிச்சிரும்மா..."

"ஏன்ணே எங்கிட்ட சொன்ன?"

நல்லசாமி வெளியே வந்துவிட்டான். படி இறங்கும்போது சீவுளியைத் தீட்டும் சத்தம் மறுபடியும் கேட்டது.

வீட்டுக்கு வந்து டின்னோடு வாட்சுகளையும் திருப்புளிகளையும் கொண்டுபோய்க் கக்கூஸ் குழியில் கொட்டினான். அந்த வெள்ளை முக வாட்சை மட்டும் கொட்ட முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு படுத்தான்.

விடிவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து சன்னலோரம் நின்றுகொண்டான். பெரட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகப் பேசிக்கொண்டு போனார்கள். அப்புறம் அவள் வந்தாள். பூட்ஸ் சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரியும். தலை விளக்கின் வெளிச்சம் சன்னல் பலகை இடுக்கு வழியாக உள்ளே விழுந்து, அவன் நெஞ்சின் மேல் ஒரு கணம் நின்றது.

'இருக்கேன்' என்று சொல்வதற்கு அவன் வாயைத் திறந்து வைத்திருந்தான். வெளிச்சம் சுவரில் ஊர்ந்து, மூலையில் போய் மறைந்தது. அவள் கேட்கவில்லை.